பாய் நனையும் பிள்ளைகள்: வாசகர் கேள்வி பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைப் பற்றியவை: பிள்ளை இரவில் படுக்கையிலேயே ஒண்ணுக்குப் போவது. பெயர் போட வேண்டாம் என்று எல்லோருமே கேட்டிருந்தார்கள். ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

பொகவந்தலாவையிலிருந்து ஒரு தாய்:
"என் மகனுக்கு ஏழு வயசு. பொறந்ததுலருந்து ஒரு வாரம்கூட படுக்கை காஞ்சு கிடந்ததில்ல. விடியக்காலம் எழும்பி, ரொட்டி சுட்டு, பாயையும் போர்வையையும் பீலியில அலசிப் போட்டுட்டுத்தான் மலைக்குப் போறேன். சோம்பேறித்தனம்னு மாமியார் சொல்றாங்க. அவர் ரெண்டு தடவ அடிச்சும் பாத்துட்டார். அடிச்ச அன்னைக்கு ராத்திரியும் நனைஞ்சுதான் இருந்துச்சு. இது நோயா, பழக்கமா?"

பதில்: அடித்த அன்றும் நனைந்திருந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அம்மா. அவன் வேண்டுமென்று செய்கிற காரியமாக இருந்தால் அடிக்குப் பயந்தாவது நின்றிருக்கும். தூங்குகிற பிள்ளைக்குத் தெரியாமல் நடப்பது இது. சோம்பேறித்தனமும் இல்லை, வளர்ப்புக் குறையும் இல்லை. இனி ஒரு அடிகூட வேண்டாம். அடியும் ஏச்சும் இதை நீட்டிக்குமே தவிர நிறுத்தாது.

உடலில் நடப்பது என்னவென்றால், இரவில் மூளை வாசோபிரசின் என்ற ஹோர்மோனைக் கூடுதலாகச் சுரக்க வேண்டும். அது சிறுநீரகத்திடம் "இப்போது குறைவாக உற்பத்தி செய்" என்று சொல்லும். சில பிள்ளைகளில் அந்தச் சுரப்பு இரவில் போதிய அளவு கூடுவதில்லை, அதனால் பகலைப் போலவே இரவிலும் சிறுநீர் சேர்கிறது. வேறு சில பிள்ளைகளின் சிறுநீர்ப்பை வயதுக்குரிய அளவு பிடிப்பதில்லை, அல்லது நிறையும் முன்பே சுருங்கிவிடுகிறது. இந்த இரண்டில் எது இருந்தாலும், பை நிறைந்த செய்தி போனவுடன் மூளை விழித்துக்கொண்டால் பிள்ளை எழுந்து போய்விடும். விழிப்பு வராததால்தான் பாய் நனைகிறது. மூன்றும் வளர வளரச் சரியாகிற விஷயங்கள். ஒரு பிள்ளைக்கு முந்தி, ஒரு பிள்ளைக்குப் பிந்தி.

ஐந்து வயதில் 100 பிள்ளைகளில் ஏறத்தாழ 15 பேர் இரவில் நனைக்கிறார்கள். ஏழு வயதில் 10 பேர் அளவில், பத்து வயதில் 5 பேர் அளவில். ஒன்றுமே செய்யாவிட்டாலும் ஆண்டுக்கு நூற்றில் 15 பேர் அளவுக்குத் தாமாகவே நின்றுவிடுகிறார்கள். ஆண் பிள்ளைகளிடம் இது கூடுதல். பரம்பரையாகவும் வரும்: தாய் தகப்பனில் ஒருவருக்குச் சிறு வயதில் இருந்திருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு நூற்றுக்கு 40க்கு மேல், இருவருக்கும் இருந்திருந்தால் 70க்கு மேல். மாமியாரிடம் ஆறுதலாக ஒன்று கேட்டுப் பாருங்கள்: உங்கள் கணவர் எத்தனை வயது வரை பாயை நனைத்தார் என்று. பல வீடுகளில் அந்தப் பதில் வந்த நாளோடு அடி நின்றுபோகிறது.

இனி செய்ய வேண்டியது. இரவில் நடப்பதற்கு வேலை பகலில்தான் இருக்கிறது. ஏழு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்குக் குடிக்கிற எல்லாமாகச் சேர்த்து 1000 முதல் 1400 மில்லிலீற்றர் வேண்டும். நம் பிள்ளைகளில் பலர் காலையில் ஒரு கோப்பைத் தேத்தண்ணியோடு பள்ளிக்கூடம் போய், குளிரில் தாகமே தெரியாமல் இருந்துவிட்டு, மூன்று மணிக்கு மேல் வீட்டுக்கு வந்துதான் மடமடவென்று குடிக்கிறார்கள். நாள் முழுக்கக் குடிக்க வேண்டியது இரவுக்குத் தள்ளிப்போகிறது. இதைத் திருப்பிப் போடுங்கள். எழும்பியதும் ஒரு கிளாஸ், 200 மில்லிலீற்றர். பள்ளிக்கூடத்துக்கு 500 மில்லிலீற்றர் போத்தல், அது வெறுமையாக வீட்டுக்கு வர வேண்டும். வந்ததும் ஒரு கிளாஸ், ஐந்து மணிக்குள் இன்னொன்று. இரவுச் சாப்பாட்டோடு அரைக் கிளாஸ் போதும். சாப்பாடு படுக்கைக்கு இரண்டு மணித்தியாலத்துக்கு முன் முடியட்டும். கருவாடும் உப்புச் சம்பலும் இரவில் வைத்தால் பிள்ளை தாகத்தில் தண்ணீர் கேட்கும், அந்த உப்பை வெளியேற்றச் சிறுநீரும் கூடும். அவற்றைப் பகல் சாப்பாட்டுக்கு மாற்றுங்கள். மாலை நான்கு மணிக்குப் பிறகு தேத்தண்ணி வேண்டாம், பிளேன்டீயும் வேண்டாம். தேயிலையில் உள்ள கஃபீன் சிறுநீரைத் தூண்டும், பையையும் உறுத்தும்.

தண்ணீரை அடியோடு நிறுத்துவதுதான் பலர் செய்கிற தவறு. பகலிலும் குறைத்தால் சிறுநீர் செறிந்து பையை எரிச்சலூட்டும், மலமும் இறுகும், பை சிறிய அளவுக்கே பழகிவிடும். ஒரு நாளைக்கு நான்கிலிருந்து ஏழு தடவை அவன் ஒண்ணுக்குப் போக வேண்டும். படுப்பதற்கு முன் இரண்டு தடவை: ஒரு தடவை போய்விட்டுப் பல் விளக்கி, பாய் விரித்து, திரும்ப ஒரு தடவை.

பரிசு கொடுக்க விரும்பினால், காய்ந்த படுக்கைக்குக் கொடுக்காதீர்கள். அது அவன் கையில் இல்லை. போத்தலை முடித்ததற்கும், படுக்குமுன் சொல்லாமலே போனதற்கும், காலையில் தன் போர்வையைத் தானே மடித்து வாளியில் போட்டதற்கும் கொடுங்கள். அந்த மடிக்கிற வேலையும் தண்டனையாக இல்லாமல் கூடமாட உதவுவதாக இருக்கட்டும்.

நானுஓயாவிலிருந்து ஒரு தகப்பன்:
"தை மாசக் குளிருல தினமும் நனைக்கிறாள். வெயில் காலத்துல வாரத்துக்கு ரெண்டு நாள்தான். கக்கூஸ் லயத்துக்குப் பின்னால, ஐம்பது அடி தள்ளி இருக்கு. குளிர்தான் காரணமா?"

பதில்: குளிருக்கு ஒரு பங்கு உண்டு. குளிரும்போது தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்கி இரத்தம் உள்ளுறுப்புகளுக்குத் திரும்புகிறது, சிறுநீரகம் அதைக் கூடுதல் நீராகக் கணக்கெடுத்து வெளியேற்றுகிறது. வியர்வையும் இல்லை. நுவரெலியாப் பக்கத்தில் தை, மாசியில் உறைபனி விழுகிற இரவுகளில் பெரியவர்களுக்கே இரண்டு தடவை எழும்ப வேண்டியிருக்கும். காலுறை, முழுக்காற்சட்டை, இடுப்பையும் முதுகையும் மூடுகிற பனியன், தரைக்கும் பாய்க்கும் நடுவே மடித்த சாக்கோ பழைய கம்பளியோ போட்டால் உதவும்.

ஆனால் உங்கள் கடிதத்தில் எங்களுக்குப் பெரிதாகத் தெரிவது அந்த ஐம்பது அடிதான். இருட்டு, மழை, அட்டை, நாய். படுக்குமுன் போகச் சொன்னால் பிள்ளை வாசலில் நின்று அவசரமாகக் கொஞ்சம் விட்டுவிட்டு ஓடிவருகிறது, அல்லது போனேன் என்று சொல்லிவிடுகிறது. பாதி நிறைந்த பையோடு படுத்தால் பன்னிரண்டு மணிக்குள் நிறைந்துவிடும். இரவில் விழிப்பு வந்தாலும், வெளியே போகப் பயந்து அடக்கிக்கொண்டு திரும்பத் தூங்கிவிடும். அதனால் இஸ்தோப்பின் மூலையிலோ காம்பராவின் ஒரு பக்கத்திலோ மூடியுள்ள வாளி ஒன்றை வையுங்கள். அடியில் ஒரு கோப்பைத் தண்ணீர் ஊற்றி வைத்தால் சத்தமும் வாடையும் குறையும். பக்கத்தில் சிறிய விளக்கு அல்லது கைக்கெட்டும் இடத்தில் டோர்ச். பெண் பிள்ளையாதலால் குந்துவதற்கு வாளியைவிட அகன்ற வாய்ச் சட்டியே வசதி. நான்கைந்து வயதோடு முடிந்துபோன பழக்கம் என்று வெட்கப்பட வேண்டாம். இந்த ஒரு மாற்றத்தோடேயே நனைகிற நாட்கள் பாதியாகக் குறைகிற வீடுகள் இருக்கின்றன.

இராகலையிலிருந்து ஒரு தாய்:
"மகளுக்கு நாலு வயசு முடியல. பகல்ல சொல்லிட்டுப் போறாள், ராத்திரி நனைக்கிறாள். டொக்டர்கிட்ட காட்டணுமா?"

பதில்: வேண்டாம். ஐந்து வயது வரை இது சாதாரண வளர்ச்சி. இரவில் பம்பர்ஸ் கட்டினால் பழக்கம் கெட்டுவிடும் என்று பயப்படவும் வேண்டாம்.

மஸ்கெலியாவிலிருந்து ஒரு பாட்டி:
"பேரனுக்கு ஒம்பது வயசு. நாலு வயசுலயே நனைக்கிறது நின்னு போச்சு. அவங்க அம்மா வெளிநாட்டுக்குப் போயி அஞ்சு மாசம். இப்ப ரெண்டு மாசமா திரும்ப நனைக்கிறான். மெலிஞ்சும் போனான். தாய் ஏக்கம்னு எல்லாரும் சொல்றாங்க. கோயில்ல கயிறு கட்டியிருக்கோம். வேற என்ன செய்ய?"

பதில்: பாட்டி, இந்த இதழ் கைக்குக் கிடைத்த அன்றே பேரனைத் தோட்ட மருந்தகத்துக்கோ பக்கத்து ஆஸ்பத்திரிக்கோ கூட்டிக்கொண்டு போங்கள். அடுத்த சனிக்கிழமை வரை வைக்க வேண்டாம். ஆறு மாதத்துக்கு மேல் காய்ந்திருந்த பிள்ளை திரும்ப நனைக்கத் தொடங்கினால் அதற்குப் புதிதாக ஒரு காரணம் இருக்கிறது என்றுதான் வைத்தியர்கள் பார்ப்பார்கள். அதோடு மெலிவும் சேர்ந்தால் முதலில் பார்க்க வேண்டியது சர்க்கரை நோய். பிள்ளைகளுக்கு வருகிற சர்க்கரை நோய் பெரியவர்களுடையதைப் போலப் பல வருடம் மெதுவாக வருவதில்லை, சில வாரங்களில் முற்றிவிடும். அடிக்கடி தண்ணீர் குடிக்கிறானா, பகலிலும் அடிக்கடி ஒண்ணுக்குப் போகிறானா, நன்றாகச் சாப்பிட்டும் சட்டை தளர்ந்துவிட்டதா, சோர்ந்து கிடக்கிறானா என்று கவனியுங்கள். மூத்திரத்தில் எறும்பு மொய்க்கிறதா என்று பார்க்கிற வழக்கம் உண்டு. மொய்க்காவிட்டால் சர்க்கரை இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்து ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். வெறும் வயிற்றோடு போக வேண்டும் என்று காத்திருக்கவும் தேவையில்லை.

வாந்தி, வயிற்றுவலி, ஆழமாகவும் வேகமாகவும் மூச்சுவிடுதல், மயக்கச் சோர்வு இவற்றில் ஒன்று தெரிந்தால் அது அவசரம். 1990க்கு அழைத்து அம்புலன்ஸ் எடுங்கள். சுவசெரிய சேவை இலவசம்.

சர்க்கரை இல்லை என்று தெரிந்த பிறகு மற்றவற்றைப் பார்ப்பார்கள்: சிறுநீர்த் தொற்று (எரிவு, காய்ச்சல், நாற்றம்), மலச்சிக்கல், கீரைப்பூச்சியால் ஆசனவாய்ப் பக்கம் அரிப்பு, வாயைத் திறந்து குறட்டைவிட்டுத் தூங்கவைக்கிற தொண்டைச் சதை. சிறுநீர்ப் பரிசோதனைக்குக் கழுவிக் காயவைத்த சுத்தமான சிறு போத்தல் கொடுப்பார்கள். முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும்.

இவை எதுவும் இல்லை என்றால் மட்டுமே ஏக்கம். ஏக்கமும் நிஜமான காரணம்தான், அதைச் சிறிதாக நினைக்கவில்லை. தாயோடு பேசுகிற நேரத்தைக் கிழமையில் குறித்த நாள், குறித்த மணி என்று வைத்துவிடுங்கள். எப்போது வரும் என்று தெரியாத அழைப்புக்குக் காத்திருப்பதுதான் பிள்ளையை அலைக்கழிக்கும். போனில் அவன் காதுபட "நனைக்கிறான்" என்று தாயிடம் சொல்லாதீர்கள். "அம்மாகிட்ட சொல்லிடுவேன்" என்று மிரட்டவும் வேண்டாம். அவனுக்கு மிச்சமிருக்கிற ஒரே நல்ல அரைமணி நேரம் அது.

இன்னொன்றும் எழுத வேண்டியிருக்கிறது. குறிப்பிட்ட ஒருவரைக் கண்டு ஒதுங்குவது, தனியாக ஒருவர் வீட்டுக்குப் போக மறுப்பது, கழுவிவிடும்போது பதறுவது, அந்த இடத்தில் காயமோ வலியோ இருப்பது போன்றவை நனைவதோடு சேர்ந்து வந்தால், யாராவது பிள்ளையிடம் தவறாக நடந்திருக்கலாம் என்ற எண்ணத்தோடு கேளுங்கள். திட்டாமல், தனியே, அவன் சொல்வதை நம்பிக் கேளுங்கள். 1929 என்ற சிறுவர் உதவித் தொலைபேசி 24 மணி நேரமும் இயங்குகிறது.

கயிறு இருக்கட்டும், அதனால் கெடுதல் இல்லை. கயிறு கட்டியாயிற்று என்று ஆஸ்பத்திரிப் பயணத்தைத் தள்ளிப்போடுவதில்தான் கெடுதல். ஆனால் சூடு வைப்பது வேண்டாம். மூத்திரம் வராமலிருக்க ஆணுறுப்பில் நூலோ ரப்பர் வளையமோ போடுவது மிகப் பெரிய ஆபத்து. இரத்த ஓட்டம் நின்று உறுப்பே அழுகிப்போகும். எங்காவது அப்படிச் செய்ததாகத் தெரிந்தால் உடனே அவிழ்த்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

தலவாக்கலையிலிருந்து:
"ராத்திரி பன்னெண்டு மணிக்குத் தூக்கிட்டுப் போயி இருக்க வச்சா பாய் நனையுறதில்ல. இப்படியே செய்யலாமா?"

பதில்: பாயைக் காப்பாற்றும், பிள்ளையைப் பழக்காது. அரைத் தூக்கத்தில் தோளில் கிடந்தபடி ஒண்ணுக்கு விடுகிற பிள்ளை, தூக்கத்திலேயே விடத்தான் பழகுகிறது. விருந்தாளி வீட்டில் படுக்கிற இரவு, நோய்ப்பட்ட இரவு, நீங்கள் களைத்துப்போன கிழமை என்று இடைக்கிடை செய்யலாம். செய்வதானால் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பேச்சுக்குப் பதில் சொல்கிற அளவுக்கு எழுப்பி, தானே நடந்து போகவிடுங்கள். ஒரே நேரத்தில் எழுப்பாமல் பத்தரை, பன்னிரண்டு என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

ஹப்புத்தளையிலிருந்து ஒரு தாய்:
"மகளுக்கு ஆறு வயசு. ராத்திரி நனைக்கிறது மட்டுமில்ல, பகல்லயும் ஜட்டியில ஈரம் இருக்கு. விளையாடிக்கிட்டே இருப்பாள், திடீர்னு குதிங்கால் மேல குந்திக்குவாள். அப்புறம் ஓடுவாள். பள்ளிக்கூடத்துல கக்கூஸுக்கே போறதில்லயாம்."

பதில்: இதை நுட்பமாகக் கவனித்து எழுதியிருக்கிறீர்கள், அந்தக் குதிங்கால் முக்கியமான அடையாளம். பை தானாகச் சுருங்க வரும்போது பிள்ளை குதிங்காலை வைத்து அடைத்துக்கொள்கிறது. பகல் ஈரத்தைச் சரியாக்காமல் இரவைத் தொட்டுப் பலனில்லை.

நாங்கள் முதலில் கேட்பது மலத்தைப் பற்றி. கிழமைக்கு மூன்று தடவைக்குக் குறைவாகப் போகிறாளா? கட்டியாக, வலியோடு, சிலநேரம் தண்ணீர் ஊற்றியும் போகாத அளவுக்குப் பெரிதாக இருக்கிறதா? ஜட்டியில் கறை படுகிறதா? மலக்குடலும் சிறுநீர்ப்பையும் ஒட்டி இருப்பவை. குடலில் மலம் தேங்கிப் பருத்தால் அது பையை நெருக்கும், பைக்கு விரிய இடமிருக்காது. தாய்மார்கள் "தினமும் போறாள்" என்று சொல்கிற பிள்ளைகளிலும் கொஞ்சம் மட்டும் போய், மீதி உள்ளே தேங்கியிருப்பதுண்டு. மலச்சிக்கலைத் தீர்த்ததோடு பகல் ஈரமும் இரவு நனைவும் சேர்ந்தே நின்றுபோகிற பிள்ளைகள் இருக்கிறார்கள்.

நம் மலையில் விளைகிற போஞ்சி, கெரட், லீக்ஸ், கோவா எல்லாம் வண்டியேறிக் கொழும்புக்குப் போகின்றன. அவற்றில் ஒரு பிடி பிள்ளையின் தட்டிலும் விழட்டும். கீரை, பப்பாசி, அவித்த கடலை, கௌபி நல்லவை. கோதுமை மா ரொட்டியும் தேத்தண்ணியும் மட்டும் சாப்பிடுகிற நாளில் மலம் இறுகத்தான் செய்யும். காலையிலும் இரவிலும் சாப்பிட்டு இருபது நிமிடத்துக்குள் ஐந்து பத்து நிமிடம் கக்கூஸில் இருக்கப் பழக்குங்கள். சாப்பாடு விழுந்ததும் குடல் தானாக அசையும், அந்த நேரத்தைப் பயன்படுத்துவதுதான் தந்திரம். கொமட் என்றால் காலடியில் சிறு பலகை வையுங்கள், கால் அந்தரத்தில் தொங்கினால் அடிவயிற்றுத் தசை தளராது. இரண்டு கிழமையில் மாற்றம் இல்லையென்றால் வைத்தியர் லக்டுலோஸ் போன்ற இளக்கி மருந்து தருவார். அதை மலம் இளகியவுடனே நிறுத்துவதுதான் வழக்கமாக நடக்கிற பிழை. விரிந்துபோன குடல் சுருங்கி வர மாதக் கணக்காகும், வைத்தியர் சொல்லும் வரை கொடுக்க வேண்டும்.

ஒண்ணுக்குப் போக நேரம் குறித்துக்கொள்ளுங்கள்: எழும்பியதும், பள்ளிக்கூட இடைவேளையில், பள்ளிக்கூடம் விட்டதும், பின்னேரம், இரவுச் சாப்பாட்டுக்கு முன், படுக்குமுன். "வருதா?" என்று கேட்டால் "இல்ல"தான் வரும். "நேரமாச்சு, போயிட்டு வா" என்று சொல்லுங்கள். ஜட்டியை முழங்காலில் நிறுத்தாமல் கணுக்கால் வரை இறக்கி, காலை அகட்டி, கொஞ்சம் முன்னால் சாய்ந்து, அவசரப்படாமல் முடிக்கச் சொல்லுங்கள். முழங்கால் ஒட்டியிருந்தால் சிறுநீர் உள்ளே தேங்கி, எழுந்த பிறகு ஜட்டியில் சொட்டும்.

பள்ளிக்கூடக் கக்கூஸுக்கு அவள் ஏன் போவதில்லை என்று கேளுங்கள். தாழ்ப்பாள் இல்லையா, தண்ணீர் இல்லையா, பெரிய பிள்ளைகள் எட்டிப் பார்க்கிறார்களா? வகுப்பு டீச்சரிடம் தனியாகச் சொன்னால் ஒரு தோழியோடு அனுப்பிவைப்பார்.

இவ்வளவும் செய்து, ஒழுங்காகப் போய் வந்த பிறகும் நாள் முழுக்க இடைவிடாமல் ஈரம் கசிந்துகொண்டே இருந்தால் அது வேறு விஷயம். சிறுநீர்க்குழாய் பிறவியிலேயே இடம்மாறித் திறந்திருக்கலாம், அதற்கு ஸ்கான் வேண்டும். முதுகின் அடியில் குழி, மயிர்க்கொத்து, கட்டி இருந்தாலோ, நடை மாறினாலோ, சிறுநீர் தாரையாக வராமல் சொட்டுச் சொட்டாக வந்தாலோ, இரத்தம் கலந்தாலோ, முகம் வீங்கினாலோ தாமதிக்காமல் பிள்ளை வைத்தியரிடம் காட்டுங்கள். பதுளையில் அரச வைத்தியசாலையும் பேராதனையில் சிறுவர் வைத்தியசாலையும் இருக்கின்றன. மிட்வைப் அம்மாவிடமோ எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகத்திலோ கேட்டால் கிளினிக் நாளைச் சொல்வார்கள்.

பண்டாரவளையிலிருந்து ஒரு ஆசிரியை:
"மகனுக்கு எட்டு வயது. தண்ணீர், மலச்சிக்கல் எல்லாம் கவனித்தாயிற்று. வெளிநாட்டில் இருக்கும் என் தம்பி, நனைந்தால் சத்தம் போடுகிற அலாரம் ஒன்று அனுப்பினார். பத்து நாள் போட்டோம். எல்லோரும் எழும்புகிறோம், அவன் மட்டும் எழும்புவதில்லை. வீணா?"

பதில்: வீணில்லை. நிறுத்திவிடாதீர்கள். முதல் இரண்டு மூன்று கிழமை பெரும்பாலான பிள்ளைகள் எழும்ப மாட்டார்கள், அந்தக் கட்டத்தில்தான் பல வீடுகளில் அலாரம் அலுமாரிக்குள் போய்விடுகிறது. அலாரம் நனைவதைத் தடுப்பதற்கில்லை. பை நிறைவதையும் விழிப்பையும் மூளையில் முடிச்சுப்போட வைக்கிற பயிற்சி அது. நீடித்த பலன் தருகிற முறைகளில் இதுதான் முதலிடம்: ஒழுங்காகச் செய்கிற மூன்று பிள்ளைகளில் இரண்டு பேர் அளவுக்குக் காய்கிறார்கள்.

செய்முறையைச் சரிபாருங்கள். நீங்களோ கணவரோ அவன் படுக்கிற அறையிலேயே படுக்க வேண்டும். சத்தம் வந்ததும் நீங்கள் அலாரத்தை நிறுத்தக் கூடாது. அவனை உட்காரவைத்து, முகத்தில் ஈரத்துணி ஒற்றி, அவன் கையாலேயே நிறுத்தவையுங்கள். பிறகு அவன் நடந்துபோய் மிச்சத்தைக் கக்கூஸில் விட்டு, உடுப்பு மாற்றி, உணரியை (ஈரத்தை உணர ஜட்டியில் மாட்டுகிற கிளிப்பை) துடைத்துத் தானே திரும்ப மாட்டிப் படுக்க வேண்டும். தூக்கிக்கொண்டு போனாலோ, எழுப்பாமல் உடுப்பை மாற்றிவிட்டாலோ அந்த இரவு கணக்கில் இல்லை. எல்லா இரவும் போட வேண்டும். வெள்ளி, சனிக்கு விடுமுறை விட்டால் பயிற்சி அறுந்துபோகும்.

முன்னேற்றத்தைக் காய்ந்த இரவுகளில் தேடாதீர்கள், அது கடைசியில் வருவது. முதலில் நனைகிற வட்டம் சிறுக்கும். முன்பு பாய் வரை போனது ஜட்டியோடு நிற்கும். பிறகு அலாரம் அடிக்கிற நேரம் பதினொன்றிலிருந்து இரண்டு, மூன்று என்று பிந்தும். பிறகு அவனே சத்தத்துக்கு எழும்புவான். ஒரு கொப்பியில் நேரத்தையும் வட்டத்தின் அளவையும் (சிறிது, நடு, பெரிது) எழுதுங்கள். நான்கு கிழமையில் இவற்றில் ஒன்றுகூடத் தெரியவில்லை என்றால் வைத்தியரைப் பாருங்கள். தெரிந்தால் தொடர்ந்து 14 இரவு காயும் வரை விடாதீர்கள், மூன்று மாதம் ஆகலாம். நிறுத்திய பிறகு திரும்ப நனைந்தால் மறுபடி தொடங்குங்கள், இரண்டாம் தடவை சீக்கிரம் பிடிக்கும்.

நனையாமலே அடித்தால் வியர்வை, அல்லது கிளிப் தளர்ந்து ஆடுகிறது. நனைந்தும் அடிக்காவிட்டால் கிளிப்பில் சிறுநீர் உப்புப் படிந்திருக்கும், காலையில் ஈரத்துணியால் துடைத்துக் காயவையுங்கள். உடலோடு ஒட்டிய பருத்தி ஜட்டியில் மாட்டினால் ஈரம் சீக்கிரம் எட்டும்.

ஒற்றைக் காம்பராவில் ஆறு பேர் படுக்கிற வீட்டில், நடு இரவில் அடிக்கிற மணியால் கோபம் பிள்ளையின் மேல் திரும்பும் என்றால் அலாரத்தை இப்போதைக்கு ஒத்திவைப்பதே நல்லது.

ஹட்டனிலிருந்து:
"மகனுக்குப் பதினொரு வயசு. சாரணர் பாசறைக்கு மூணு நாள் போகணும்னு ஆசப்படுறான். பயத்துல பேரே குடுக்கல. மாத்திர இருக்குன்னு சொல்றாங்க, நெசமா?"

பதில்: உண்டு. டெஸ்மோபிரசின். நாம் முதலில் சொன்ன ஹோர்மோனின் செயற்கை வடிவம், இரவுச் சிறுநீரைக் குறைக்கும். வைத்தியர் எழுதித்தர வேண்டும். வழக்கமாக 0.2 மில்லிகிராம் மாத்திரை ஒன்று படுக்குமுன், போதாவிட்டால் 0.4 வரை கூட்டுவார். மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகளுக்கு நன்றாகவே வேலை செய்யும், இன்னொரு பங்குக்கு ஓரளவு. நிறுத்தினால் பெரும்பாலும் திரும்ப வரும். குணமாக்குகிற மருந்தாக இல்லாமல், இரவைத் தாண்டவைக்கிற மருந்தாக நினையுங்கள்.

இதில் மீறக் கூடாத ஒரு விதி: மாத்திரைக்கு ஒரு மணித்தியாலம் முன்பிருந்து எட்டு மணித்தியாலம் பின்பு வரை ஒரு மிடறுக்கு மேல் குடிக்கக் கூடாது. சிறுநீரகம் நீரைப் பிடித்து வைத்திருக்கும் நேரத்தில் மேலும் குடித்தால் இரத்தத்தில் சோடியம் இறங்கி, தலையிடி, வாந்தி, கடைசியில் வலிப்பு வரை போகும். காய்ச்சல், வாந்தி, வயிற்றோட்டம் உள்ள நாளில் மாத்திரை வேண்டாம். பாசறையில் நெருப்பைச் சுற்றி இருந்து இரவு கோப்பி குடிக்கிற நேரம்தான் ஆபத்து, அதை மகனிடமே விளக்கிச் சொல்லுங்கள். பதினொரு வயதில் புரியும்.

பாசறைக்குக் குறைந்தது இரண்டு கிழமை முன்பே வீட்டில் கொடுத்துப் பாருங்கள். பொறுப்பாசிரியர் ஒருவருக்கு மட்டும் தெரியட்டும். கறுப்புக் காற்சட்டை இரண்டு, உறங்குபையின் உள்ளே விரிக்க ஒரு துண்டு, இறுக்கி மூடுகிற பை ஒன்று. பெயரைக் கொடுக்கச் சொல்லுங்கள். அவன் போக வேண்டும்.

லிந்துலையிலிருந்து:
"மூணு நாளா மிஸ்ட். மெத்தை காயுறதே இல்ல. அடுப்புக்கிட்ட வச்சுக் காயவைக்கலாமா? வாடை போக என்ன செய்ய?"

பதில்: அடுப்பருகே வேண்டவே வேண்டாம். இலவம்பஞ்சும் ஸ்பொஞ்சும் ஒரு பொறியில் பிடித்துக்கொள்ளும், லயத்தில் ஒரு காம்பரா பற்றினால் வரிசையே போய்விடும்.

மெத்தையை நனையவிடாமல் இருப்பதுதான் வழி. ரப்பர் சீற்றையோ தடித்த பொலித்தீனையோ மெத்தையின் அடிப்பக்கம் வரை இழுத்து மடித்துச் செருகுங்கள். தளர்ந்த பொலித்தீன் முகத்தருகே வந்தால் மூச்சடைக்கும், சின்னப் பிள்ளைகளுக்கு ரப்பர் சீற்றே நல்லது. அதன் மேல் ஒரு துணி, அதன் மேல் இன்னொரு ரப்பர் சீற், அதன் மேல் இன்னொரு துணி. இரவில் நனைந்தால் மேல் இரண்டையும் உருவி வாளியில் போட்டால் கீழே காய்ந்த படுக்கை தயாராக இருக்கும், விளக்குப் போட்டு எல்லோரையும் எழுப்ப வேண்டியதில்லை.

புது மூத்திரத்துக்கு வாடை குறைவு. மணிக்கணக்கில் கிடக்கும்போது கிருமிகள் அதை அமோனியாவாக மாற்றுவதால்தான் நாறுகிறது. மலைக்குப் போகிற அவசரத்தில் சவர்க்காரம் போட நேரமில்லாவிட்டாலும், பச்சைத் தண்ணீரில் ஒரு தடவை அலசிப் பிழிந்து வைத்துவிடுங்கள். சுடுதண்ணீர் கறையைப் பிடிக்கவைக்கும். பின்னேரம் அரை வாளித் தண்ணீரில் அரைக் கோப்பை வினாகிரி விட்டு அரைமணி ஊறவைத்துப் பிறகு சவர்க்காரம். வினாகிரியோடும் சரி, மூத்திரம் ஊறிய துணியோடும் சரி, வெளுக்கும் திரவத்தைச் சேர்க்காதீர்கள், நெஞ்சை அடைக்கிற நச்சு வாயு வரும். மெத்தை நனைந்துவிட்டால் காய்ந்த துணியை வைத்து ஏறி மிதித்து ஈரத்தை உறிஞ்சியெடுத்து, அப்பச்சோடாவைத் தூவி, பின்னேரம் வரை சுவரில் நிமிர்த்தி வைத்துத் தட்டிவிடுங்கள்.

பிள்ளையைக் காலையில் இடுப்புக்குக் கீழே வெந்நீரில் கழுவித் துடைத்து, தொடையிடுக்கில் மெல்லியதாக வஸலின் பூசி அனுப்புங்கள். தண்ணீர் குளிர் என்று கழுவாமல் அனுப்புகிற பிள்ளையைத்தான் வகுப்பில் மூக்கைப் பிடித்துக் கேலி செய்கிறார்கள். நனைந்த துணியை வாசல் கம்பியில் போடாமல், வீட்டுக்குப் பின்பக்கம் காயப்போடுங்கள்.